நரம்புக்கலம்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடியில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். நரம்புத்தொகுதிப் பாடம் நடக்கும் நாட்களில் பிள்ளைகள் கேட்பது ஒரு பக்கம், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் படலையடியில் நின்று கேட்பது இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்குப் படம்தான் கவலை. பெரியவர்கள் விறைப்பு, எரிவு, பாம்புக்கடி என்று வருவார்கள். எல்லாம் அந்த ஒரு கலத்தைப் பற்றியதுதான் என்பதால் இங்கே இரண்டையும் கலந்தே போட்டிருக்கிறேன். படத்தில் உள்ள பெயர்களை வரிசையாகப் பாடமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பாகத்தை எது தாக்குகிறது என்று பாருங்கள், பாகமும் அதன் வேலையும் சேர்ந்தே மனதில் நிற்கும். நம்ம பக்கத்தில் அதற்கு உதாரணம் தேடி அலையவும் தேவையில்லை.

நரம்பும் நரம்புக்கலமும் ஒன்றா?

இல்லை. நரம்பு என்பது ஒரு கட்டு. ஆயிரக்கணக்கான நரம்புக்கலங்களின் நீண்ட இழைகள், அவற்றைச் சுற்றியுள்ள உறைகள், இடையிடையே நுண்ணிய குருதிக்குழாய்கள் எல்லாம் சேர்ந்தது. தொடையின் பின்பக்கமாக இறங்கும் பெரிய நரம்பு விரல் தடிப்புக்கு இருக்கும். நரம்புக்கலம் அந்தக் கட்டுக்குள் இழை விட்டிருக்கும் ஒற்றைக் கலம்.

அப்புறம், கையை நீட்டி “நரம்பு புடைச்சிருக்கு” என்று காட்டுகிறோமே, அந்தப் பச்சைக் கோடுகள் நரம்பே அல்ல. அவை நாளங்கள், உள்ளே ஓடுவது குருதி.

அப்படியென்றால் அந்தக் கலத்தில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன?

நடுவில் கலவுடல். கரு இங்கேதான் இருக்கிறது. இழைமணி, கொல்கி உபகரணம் என்று மற்றக் கலங்களில் உள்ளவை இதிலும் உண்டு. சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலவுடலுக்குள் கருநீலத் திட்டுக்கள் தெரியும். அவை நிசில் மணிகள், புரதம் செய்யும் இடங்கள். இவ்வளவு அடர்த்தியாக அவை ஏன் இருக்கின்றன என்பதற்குக் கீழே மூன்றாவது கேள்வியில் விடை வரும்.

கலவுடலைச் சுற்றிக் கிளைகிளையாகப் பிரிந்து நிற்பவை டென்ட்ரைட்டுகள். மற்றக் கலங்களிடமிருந்து வரும் செய்தியை வாங்குவது இவற்றின் வேலை. சிறுமூளையில் உள்ள பர்க்கின்ஜி கலத்தின் டென்ட்ரைட் கிளைகளில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் இணைப்புகள் வந்து சேர்கின்றன. பாடப்புத்தகப் படத்தில் நாலு கிளையோடு விட்டுவிடுவார்கள், பாவம்.

கலவுடலின் ஒரு பக்கத்திலிருந்து தனியாக ஒரே ஒரு நீண்ட இழை கிளம்பும். அதுதான் அக்சன். அது தொடங்கும் இடம் கொஞ்சம் மேடிட்டிருக்கும், அந்த மேட்டில் நிசில் மணிகள் இருக்காது. வந்த செய்திகளைக் கூட்டிக் கழித்து, கணத்தாக்கத்தை, அதாவது நரம்பு அனுப்பும் மின்செய்தியை, அனுப்புவதா வேண்டாமா என்று தீர்வாவது அந்த மேட்டை ஒட்டிய தொடக்கப் பகுதியில். அக்சன் கடைசியில் பல நுனிகளாகப் பிரிந்து அடுத்த கலத்திடமோ தசையிடமோ போய் நிற்கும்.

ஒரு கலம் எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்?

கலவுடல் சின்னது. பெரிய இயக்க நரம்புக்கலத்தில்கூட ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்து கால் விரலை அசைக்கப் போகும் அக்சன் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். வகுப்பில் இதை இப்படிச் சொல்வேன். 50 மைக்ரோமீற்றர் கலவுடல் ஒன்றை உரித்த தேங்காய் அளவுக்கு, சரி, கொஞ்சம் பெரிய தேங்காய், 20 சென்ரிமீற்றருக்குப் பெருப்பித்தால், அதன் அக்சன் நாலு சென்ரிமீற்றர் தடிப்பில் நாலு கிலோமீற்றர் ஓடும். கல்லடிப் பாலத்தடியில் தேங்காயை வைத்தால் நுனி காத்தான்குடிப் பக்கம் போய் முடியும்.

இனிப் பிரச்சினை என்னவென்றால், அந்த நாலு கிலோமீற்றருக்கும் தேவையான புரதத்தில் பெரும்பகுதி தேங்காய்க்குள்தான் தயாராக வேண்டும். நிசில் மணிகள் அடர்த்தியாக இருப்பது அதனால்தான். செய்த பொருளைக் கடைசி நுனிவரை கொண்டுபோக அக்சனுக்குள் நுண்குழாய்கள் நீளப்போக்கில் கிடக்கின்றன. கைனசின் என்ற புரதம் சரக்குப் பைகளைச் சுமந்துகொண்டு அவற்றின்மேல் நுனிப்பக்கமாக நகர்கிறது, டைனீன் என்பது எதிர்ப்பக்கமாகத் திரும்பக் கொண்டுவருகிறது. வேகமான போக்குவரத்து நாளுக்கு 400 மில்லிமீற்றர் வரை. அதாவது, முதுகிலிருந்து கால் விரலுக்குப் பொருள் போய்ச்சேர இரண்டரை நாள் எடுக்கும். மெதுவாகப் போகும் பொருட்களும் உண்டு, அவை நாளுக்குச் சில மில்லிமீற்றர்தான் நகரும்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம். இரண்டு பாதமும் எரியுது என்கிறார், கையில் ஒன்றும் இல்லை. ஏன் காலில் மட்டும்?

காலுக்குப் போகும் அக்சன்கள்தான் உடம்பில் ஆக நீளமானவை, அதனால்தான். குருதியில் சீனி நெடுங்காலம் கூடி நின்றால் நரம்புக்கு உணவு கொடுக்கும் நுண்ணிய குருதிக்குழாய்களும் கெடும், கலத்துக்குள் நடக்கும் வேலைகளும் குழம்பும். கலவுடலிலிருந்து தொலைவில் இருக்கும் நுனிக்குத்தான் முதலில் தட்டுப்பாடு. எனவே இரண்டு கால் விரல்களிலும் ஒரேமாதிரித் தொடங்கி, காலுறை போட்ட இடம்போல மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு ஏறும் நேரத்தில்தான் பெரும்பாலும் கைவிரல் நுனிகளிலும் தொடங்கும், ஏனென்றால் கைக்குப் போகும் அக்சனின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

எரிவு இருக்கும்போது ஆளாவது தேடிப்போவார். எரிவு அடங்கி உணர்வே இல்லாமல் போவது இன்னும் ஆபத்து. வெறுங்காலோடு வளவுக்குள் நடந்து, சிப்பி ஓடோ முள்ளோ ஏறினது தெரியாமல் புண்ணாகி வருகிறவர்கள் எத்தனை பேர். இரவில் படுக்கும் முன் உம்மாவின் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கிளினிக்கில் காலைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சேர், நரம்பில் கரண்ட் வயரில் போவது மாதிரியா மின்சாரம் போகுது?

இல்லை. வயரில் இலத்திரன்கள் கம்பியின் நீளத்துக்கு ஓடும். அக்சனில் அப்படி நெடுக ஓடுவது ஒன்றுமில்லை. சும்மா இருக்கும்போது கலமென்சவ்வின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக (−) இருக்கும். வெளியே சோடியம் அயன் (மின்னேற்றமுள்ள அணு) அதிகம், உள்ளே பொற்றாசியம் அதிகம். சவ்வில் உள்ள பம்பி ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுத்து இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது. தூண்டல் வந்ததும் அந்த இடத்துச் சவ்வில் சோடியத்துக்கென்று உள்ள வாசல்கள், சோடியக் கால்வாய்கள், திறக்கும். சோடியம் உள்ளே பாயும், உட்பக்கம் ஒரு மில்லிசெக்கன் அளவுக்கு நேராக (+) மாறும். அது பக்கத்துக் கால்வாய்களைத் திறக்க வைக்கும், அவை அதற்கடுத்ததை. முதலில் திறந்த இடம் கொஞ்ச நேரத்துக்கு மறுபடி திறக்காது. எனவே செய்தி பின்னுக்குத் திரும்பாமல் முன்னுக்கே போகிறது. அயன்கள் சவ்வுக்குக் குறுக்கேதான் போய்வருகின்றன.

பேத்தை மீன் சாப்பிட்டால் ஏன் சாகிறார்கள்?

மேலே சொன்ன சோடியக் கால்வாய்தான் விடை. பேத்தையின் ஈரல், சினை, சில வகைகளில் தோல் ஆகியவற்றில் ரெட்ரோடொக்சின் இருக்கிறது. அது கால்வாயின் வெளிவாயில் போய் இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். சோடியம் உள்ளே வராவிட்டால் கணத்தாக்கம் கிடையாது. முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், பிறகு கைகால் தளரும், கடைசியில் மூச்சு விடும் தசை நின்றுபோகும். ஆளுக்கு நினைவு தெளிவாக இருக்கும், சொல்லத்தான் முடியாது. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. மாற்று மருந்தும் இல்லை. நஞ்சு உடம்பை விட்டு வெளியேறும்வரை இயந்திரத்தில் மூச்சுக் கொடுப்பதுதான் சிகிச்சை. வலையில் வந்தால் எறிந்துவிடுங்கள். “எங்கட ஆட்கள் துப்புரவாக வெட்டுவாங்க” என்ற கதையை நம்பவேண்டாம்.

மயலின் உறை எதற்கு?

அக்சனைச் சுற்றி வேறொரு கலம் தன் சவ்வையே பல தடவை சுருட்டிக்கொள்கிறது. கைகால் நரம்புகளில் அது சுவான் கலம், மூளையிலும் முண்ணாணிலும் ஒலிகோடென்ட்ரோசைற்று. அந்தச் சுருள்தான் மயலின், பெரும்பாலும் கொழுப்பு. ஒரு சுவான் கலம் ஒரு துண்டை மட்டும் மூடும். தடித்த அக்சனில் அந்தத் துண்டு ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இருக்கும். இரண்டு துண்டுகளுக்கிடையே சிறிய வெளி, அது ரன்வீயரின் கணு. சோடியக் கால்வாய்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. கணத்தாக்கம் கணுவுக்குக் கணு தாவிப் போகும்.

உறையுள்ள தடித்த அக்சனில் வேகம் செக்கனுக்கு 120 மீற்றர் வரை. உறையில்லாத மெல்லிய அக்சனில் செக்கனுக்கு அரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர். இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். இருட்டில் கட்டில் காலில் சுண்டுவிரல் மோதினால் மோதியது உடனே தெரியும். “ஐயோ” வருவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி. நோவு வரப்போகிறது என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போமே, அந்த நேரம்தான் உறையில்லாத இழைகளில் செய்தி காலிலிருந்து ஏறிவர எடுக்கும் நேரம்.

மாந்தீவு ஆஸ்பத்திரியைப் பற்றி நரம்புப் பாடத்தில் ஏன் சொல்கிறீர்கள்?

வாவி நடுவே இருக்கும் மாந்தீவில் தொழுநோயாளருக்கென்று ஆஸ்பத்திரி இருந்தது நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோல் நோய் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1873இல் ஹன்சன் என்ற நோர்வே வைத்தியர் கண்டுபிடித்த அந்தக் கிருமி குடியேறி வாழ்கிற முக்கியமான இடம் சுவான் கலம். சூடு குறைந்த இடங்களை அது விரும்பும். தோலுக்கு அருகே ஓடும் நரம்புகள் அகப்படுவது அதனால்தான். முழங்கையின் உட்பக்கப் பள்ளத்தில் ஓடும் நரம்பு கயிறுபோல் தடிக்கும். சுவான் கலம் கெட, மயலின் கெடும், பிறகு அக்சனும் போகும். விரல் மடங்குவதும் விரல் குறைவதும் கிருமி விரலைத் தின்பதால் வருவதில்லை. உணர்வில்லாத கை சூட்டிலும் வெட்டிலும் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் அந்த நிலைக்கு வருகிறது.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. கிழக்கில் இன்னும் புதிய நோயாளர்கள் வருகிறார்கள், பிள்ளைகள் உட்பட. நிறம் மங்கிய அல்லது சிவந்த திட்டு, அதில் பஞ்சால் தடவினால் தெரியவில்லை என்றால் அரச ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போகவேண்டும். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ குளிசை, அதுவும் இலவசம். மருந்து தொடங்கினால் மற்றவருக்குத் தொற்றுவது விரைவிலேயே நின்றுவிடும். ஆளை ஒதுக்கி வைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் செத்த அக்சனை அந்தக் குளிசை திருப்பித் தராது. வெட்கப்பட்டு இழுத்தடிப்பவர்களுக்குத்தான் கை மடங்குகிறது.

நுணுக்குக்காட்டி இல்லாமல் அக்சனைக் கண்ணால் பார்க்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முடியும், கணவாயில். காலையில் கரைக்கு வந்த கணவாயாகப் பாருங்கள், ஐஸில் கிடந்தது சரிவராது. கூம்பு உடம்பை வயிற்றுப்பக்கமாக நீளத்துக்கு வெட்டி விரியுங்கள். மைப்பை உடையாமல் குடலை அகற்றுங்கள். உட்சுவரில், தலைப்பக்கத்துக்குக் கிட்ட, இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக வெளிறிய ஒரு சின்ன நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நரம்புத்திரட்டு, நரம்புக்கலவுடல்கள் கூடியிருக்கும் இடம். அதிலிருந்து வெள்ளை நூல்கள் விரிந்து தசைக்குள் போகும். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால், பின்பக்கம் நோக்கிப் போகும் ஆக நீளமான நூலுக்குள் கண்ணாடிபோல ஒரு கோடு தெரியும். பெரிய அக்சன் அதற்குள்தான். உம்மாவோ அம்மாவோ கறிக்கு வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், கணவாய் வீணாகாது.

ஐரோப்பியக் கடல் கணவாய்களில் அந்த அக்சன் அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்பு. கணவாய்க்கு மயலின் இல்லை. வேகம் வேண்டுமென்றால் தடிக்க வைப்பதுதான் அதற்குள்ள வழி. இவ்வளவு தடித்தும் செக்கனுக்கு ஏறத்தாழ 25 மீற்றர்தான் போகிறது. நம் அக்சன் அதில் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்பில் நாலைந்து மடங்கு வேகம் போகிறது. மயலினின் பெறுமதி இந்தக் கணக்கில்தான் தெரியும்.

1936இல் ஜே. இசட். யங் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இந்தப் பெரிய அக்சனை ஆய்வாளர்களின் பார்வைக்குக் கொண்டுவந்தார். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள் அதற்குள் மின்வாயை நுழைத்து அளந்து, சோடியமும் பொற்றாசியமும் சவ்வைக் கடக்கும் கணக்கை 1952இல் வெளியிட்டார்கள். 1963இல் எக்கிள்ஸ் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளருடன் சேர்த்து அவர்களுக்கு நொபெல் பரிசு கிடைத்தது.

ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தொடுகிறதா?

பெரும்பாலும் இல்லை. இடையில் ஏறத்தாழ 20 நனோமீற்றர் வெளி இருக்கும், ஒரு மில்லிமீற்றரை ஐம்பதாயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. இந்தச் சந்திப்புதான் நரம்பிணைப்பு. இதற்காக ஒரு பெரிய சண்டையே நடந்தது. நரம்பெல்லாம் ஒரே தொடர் வலை என்றார் இத்தாலியின் கொல்கி. தனித்தனிக் கலங்கள் என்றார் ஸ்பெயினின் கஹால், அதுவும் கொல்கி கண்டுபிடித்த வெள்ளிச் சாய முறையையே பாவித்துப் பார்த்துவிட்டு. 1906இல் இருவருக்கும் சேர்த்து நொபெல் கொடுத்தார்கள். மேடையிலும் கொல்கி தன் கட்சியை விடவில்லை. கஹால் சொன்னதுதான் சரி.

கணத்தாக்கம் நுனிக்கு வந்ததும் கல்சியம் உள்ளே நுழையும். அங்கே காத்திருக்கும் நுண்பைகள் சவ்வோடு ஒட்டி உடைந்து இரசாயனத்தை வெளியே கொட்டும். தசைக்குப் போகும் நுனியில் அது அசற்றைல்கோலின். எதிர்ப்பக்கத்து வாங்கிகளில் அது பட்டதும் தசை சுருங்கும். வேலை முடிந்ததை உடனே ஒரு நொதியம் உடைத்துவிடும், இல்லாவிட்டால் தசை விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும்.

வயல் வாடியில் படுத்தவரைக் கட்டுவிரியன் கடித்தால் கண் ஏன் சொருகுகிறது?

நஞ்சு போய்த் தாக்குவது இந்த நரம்பிணைப்பை. நாகத்தின் நஞ்சு தசைப்பக்க வாங்கிகளை மறைக்கும். கட்டுவிரியனிடம் அதோடு சேர்த்து இன்னொன்று இருக்கிறது, அது அக்சன் நுனிக்குள்ளேயே இறங்கி நுண்பைகளை வெறுமையாக்கி நுனியையே சிதைக்கும். இமையைத் தூக்கும் தசை ஆரம்பத்திலேயே விழுந்துவிடும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு.

நஞ்சுமுறி மருந்து குருதியில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும், சிதைந்த நுனியைத் திருத்தாது. நுனி புதிதாக வளரும்வரை சிலர் நாட்கணக்கில், சிலர் அதற்கும் கூடுதலாக இயந்திரத்தில் இருக்க வேண்டிவரும். எனவே நேரம்தான் எல்லாம். கட்டுவிரியன் கடி நோகாமல், அடையாளம்கூட இல்லாமல் இருக்கலாம். நிலத்தில் படுத்தவர் விடியும்போது வயிற்று வலி, இமை பாரம் என்றால் அதைப் பாம்புக்கடியாக நினைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, பார்வை பார்க்கக் கூட்டிப்போவது எல்லாம் போன நேரம்.

பயிருக்குக் கிருமிநாசினி அடித்தவருக்கு எச்சில் வடிவது இதே இடத்திலா?

அதே இடம், எதிர்ப்பக்கமான பிழை. ஒகனோபொஸ்பேற்று வகை மருந்துகள் அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தை முடக்கும். இரசாயனம் தேங்கும். வியர்வை, எச்சில், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரும். மொனோக்குரோட்டபொஸும் மெதமிடொபொஸும் இலங்கையில் 1995இல் தடைசெய்யப்பட்டன, பிறகு வேறு சிலவும். காற்றுக்கு எதிராக நின்று அடிக்கவேண்டாம். நனைந்த சேட்டை வீட்டுக்கு வந்து கழற்றலாம் என்றும் இருக்கவேண்டாம், தோலாலும் நஞ்சு ஏறும்.

சம்மணம் கட்டி இருந்தால் கால் விறைப்பது நரம்பு செத்ததா?

இல்லை. அழுத்தத்தால் நரம்புக்குக் குருதி குறைந்து கணத்தாக்கம் தடைப்படுகிறது. எழும்பி நின்றால் இழைகள் ஒழுங்கில்லாமல் கணத்தாக்கங்களை அனுப்ப ஆரம்பிக்கும், எறும்பு ஊர்வதுபோல் இருப்பது அதுதான். சில நிமிடத்தில் போகாவிட்டால்தான் யோசிக்கவேண்டும்.

அறுந்த நரம்பு வளருமா?

கைகாலில் ஓரளவு வளரும். கலவுடல் உயிரோடு இருக்கவேண்டும், சுவான் கலங்கள் விட்ட பாதை மிஞ்சியிருக்கவேண்டும். வேகம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். முழங்கையடியில் வெட்டுப்பட்டால் விரல் நுனிக்கு ஒரு வருடத்துக்கு மேல். மூளையிலும் முண்ணாணிலும் அப்படி வளர்வதில்லை. மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களில் மிகப் பெரும்பான்மை குழந்தைப் பருவத்திலிருந்து கூடவே வருபவை.

பரீட்சையில் புலன் நரம்புக்கலத்தை, அதாவது உணர்வைக் கொண்டுவரும் கலத்தை, எப்படிக் கீறுவது?

கலவுடலை நடுவில் வைக்காமல் இழைக்குப் பக்கவாட்டில் ஒரு காம்பில் வையுங்கள். முண்ணாணுக்கு வெளியே முதுகுப்பக்க வேரில் உள்ள திரட்டில்தான் அது இருக்கிறது. கணத்தாக்கம் போகும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள், பலர் அதில்தான் புள்ளி விடுகிறார்கள்.

கடையில் நரம்புக் குளிசை வாங்கிக் குடிக்கலாமா?

விற்றமின் பி12 குறைந்தால் மயலின் கெடும், அது உண்மை. மீன் இறைச்சி முட்டை பால் எதுவும் சாப்பிடாதவர்களுக்கும், சீனிக்கு மெற்போமின் நெடுநாள் குடிப்பவர்களுக்கும் அது குறையலாம். அவர்கள் வைத்தியரிடம் சொல்லிக் குருதிப் பரிசோதனை செய்துவிட்டு எடுக்கட்டும். குறைவில்லாதவருக்கு அதனால் காசுதான் செலவு. பெட்டியைத் திருப்பி பி6 எவ்வளவு என்று பாருங்கள், ஏனென்றால் பி6 கூடிய அளவில் மாதக்கணக்காகப் போனால் அதுவே புலன் நரம்புகளைக் கெடுத்துக் காலை விறைக்க வைக்கும்.